கிழமை சொல்லும் குரல்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் காலையில் காபிக்கு முன்னால் கேட்பது கோகிலவாணியின் குரலைத்தான். முட்டை விலை, மரவள்ளிக்கிழங்கு விலை, மஞ்சள் விலை என்று தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ போடுவாள். கடைவீதியில் சின்னதாக ஒரு செல்போன் கடை அவளுக்கு. கணவன் சிவபிரகாஷ் போர்வெல் ரிக் லாரியோடு தான்சானியாவில் இருக்கிறான். அவனோடு அங்கே வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்களும் ஊர்ச் சேதிக்கு அந்த ஆடியோவைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

எதைப் பேசினாலும் முதலில் கிழமையும் இடமும் சொல்லிவிடுவது அவள் வழக்கம். "இன்னைக்கு புதன்கெழமைங்க. நாமகிரிப்பேட்டை கடைவீதியில இருந்து கோகிலவாணி பேசறனுங்க." அப்புறம்தான் விலை. ஆரம்பத்தில் இப்படிச் சொல்லாமல்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருமுறை யாரோ முந்தைய நாள் ஆடியோவை மறுபடியும் தட்டிவிட, பண்ணைக்காரர் சின்னண்ணன் அதை அன்றைய விலை என்று நினைத்து ஒரு லோடு முட்டையைக் குறைத்து விற்றுவிட்டார். "உன்ற கொரலை நம்பித்தான் சாமி ஏத்துனேன்" என்று அவர் வந்து சொன்னபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து கிழமை சொல்லாமல் அவள் எதையும் பேசி அனுப்புவதில்லை.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு, பண்ணையில் முட்டை பொறுக்கும் பொன்னாயி நின்றாள். எதிரே நின்றவர் பண்ணை முதலாளி குணசீலன். கோகிலா பொன்னாயியோடு தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஜெயிச்சா மொதல்ல பள்ளிக்கூடத்து ரோட்டுக் குழியை மூடோணும்."

"மூடிப்புடலாம். உன்ற வாயைத்தான் யாராலயும் மூட முடியாது" என்றாள் பொன்னாயி.

ஓட்டு எண்ணும் நாள் மத்தியானம். எண்ணிக்கை நடந்த பள்ளியின் கேட்டுக்கு வெளியே ஊரே நின்றது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் குணசீலன் முந்துவதாகச் சேதி வந்தது. பொன்னாயியின் ஓட்டுக் கட்டு ஒன்று மாறிக் குணசீலன் தட்டில் விழுந்துவிட்டது என்று, எண்ணும் இடத்தில் இருந்த அவளுடைய ஏஜெண்ட் வந்து சொன்னார். மறுபடி எண்ணச் சொல்லிப் பொன்னாயி மனு கொடுத்திருந்தாள். அதிகாரி இன்னும் முடிவு சொல்லவில்லை. கேட்டில் நின்ற போலீஸ்காரர் மட்டும் தெளிவாகச் சொன்னார். "கலாட்டா பண்ணீங்கன்னா உங்க எல்லாத்தையும் கலைச்சுருவோம். அப்புறம் உள்ளாற இருக்கறவங்க இருக்கற கணக்கைப் படிச்சுட்டுப் போயிருவாங்க."

அந்த நேரத்தில்தான் எல்லாருடைய செல்போன்களும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. ஒரு வீடியோ. மூடிய அறைக்குள் இரண்டு பேர் ஓட்டுப் பெட்டியை உடைத்து, கட்டுக்கட்டாகச் சீட்டைத் திணிக்கிறார்கள். அதன்மேல் கோகிலாவின் குரல். "நூத்துக்கு நூறு உண்மைங்க. நான் விசாரிச்சுட்டனுங்க. நம்பலாமுங்க."

எப்போதோ மஞ்சள் விலைக்குப் பேசியதை யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் சிவபிரகாஷ் கூப்பிட்டான்.

"கோகிலா, இங்க கேம்புல எல்லாரும் பாத்துட்டோம். லண்டன் தமிழ்ச் சேனல்லயே ஓடுது. நீயே சொல்லீட்ட, அப்புறம் என்ன? உட்றாதீங்க."

"நான் சொல்லலீங்க மாமா."

"உன்ற கொரல்தானே அது?"

"கொரல் என்னுதுதான். ஆனா இதுக்குப் பேசுனதில்லீங்க."

பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலை நோக்கி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னாயியின் அண்ணன் மாதையன் கையில் ஏற்கெனவே ஒரு கல். அது கேட்டுக்குள் விழுந்தால் பொன்னாயியின் மனு அதோடு போயிற்று. போனை வைத்துவிட்டு, ஓரமாக நின்ற முட்டை வண்டியின்மேல் ஏறினாள்.

"மாதையண்ணா, கல்லைக் கீழ போடுங்க. அந்த வீடியோவுக்கு நான் பேசல."

"உன்ற பேச்சைக் கேட்டுத்தான் எடுத்தேன். இப்ப நீயே மாத்திப் பேசற. குணசீலன் ஊட்டுல காப்பி குடிச்சுட்டு வந்தியா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்கக் கூடவே வந்தவர்கள்தான். கோகிலா வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"நான் பேசுனா மொதல்ல என்னங்கண்ணா சொல்லுவேன்?"

பின்னால் ஒரு பெண் சொன்னாள், "கெழமை."

"இதுல கெழமை இருக்குதா? எடம் இருக்குதா? மறுக்காப் போட்டுக் கேளுங்க."

ஆளாளுக்குப் போட்டுக் கேட்டார்கள். சுற்றிலும் அவள் குரலே மாற்றி மாற்றிக் கேட்டது. எதிலும் கிழமை இல்லை.

"கெழமை சொல்லாத முட்டை ரேட்டைக் கேட்டு நீங்க லோடு ஏத்துவீங்களா?"

"ஏத்த மாட்டேன் சாமி" என்றார் கூட்டத்திலிருந்து சின்னண்ணன். "ஒருக்கா ஏத்துனதே போதும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. மாதையன் அவள் முகத்தைப் பார்க்காமலே கல்லைக் குவியலில் போட்டார்.

லண்டன் சேனலிலிருந்து அழைப்பு வந்தது. வீடியோவை உறுதிசெய்யச் சொன்னார்கள். "நேரலையில போடுங்க, சொல்றேன்" என்றாள். போட்டார்கள்.

"இன்னைக்கு வியாழக்கெழமைங்க. எண்ணிக்கை நடக்கற பள்ளிக்கூடத்து வாசல்ல இருந்து கோகிலவாணி பேசறனுங்க. நீங்க ஓட்டற வீடியோ எங்க எடுத்ததுன்னு எனக்குத் தெரியாது. அதுல இருக்கற பேச்சும் நான் இதுக்குப் பேசுனது இல்ல. எங்க கட்டு ஒண்ணு மாறிப் போச்சுன்னு ஏஜெண்ட் சொல்றாரு. அதை நான் கண்ணால பாக்கல. அதனால மறுபடி எண்ணச் சொல்றோம். அவ்வளவுதானுங்க."

"மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்களா?"

"உக்காந்திருக்காங்க. வெயில்தான் கொதிக்குது."

நிஜமாகவே எல்லாரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரரே வந்து சொன்னார், மனுவை ஏற்றுக்கொண்டார்களாம். மறுபடி எண்ணினார்கள். மாறிய கட்டு கிடைத்தது. பொன்னாயி ஜெயித்தாள்.

இப்போது குணசீலன் ஆட்கள் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். அவருடைய தம்பி தனசேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோகிலாவிடம் வந்தார்.

"ஏம்புள்ள, நீ ஒரு ஆடியோ போட்டுரு. எண்ணும்போது அண்ணனும் நானும் பக்கத்துலயே நின்னோம். கணக்கு சரிதான். நாங்க சொன்னா இவனுக நம்ப மாட்டீங்கறானுக."

"நீங்க தோத்ததை நான் சொல்லோணுமாக்கு?"

"நீ சொன்னாத்தான் ஊட்டுக்குப் போவானுக."

கோகிலா போனை வாயருகே கொண்டுபோனாள். கிழமை சொன்னாள். இடம் சொன்னாள். "தனசேகரண்ணன் பக்கத்துல நிக்கறாருங்க, அவரும் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி, முடிவைச் சொன்னாள். இரண்டு பக்கத்துப் போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. குணசீலன் ஆட்கள் ஆடியோவைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பைக்கைக் கிளப்பினார்கள்.

தான்சானியாவில் சிவபிரகாஷ் அதே ஆடியோவை லாரி ஸ்பீக்கரில் போட்டு, தமிழ் தெரியாத ஆட்களுக்கும் சேர்த்துக் கேட்க வைத்தானாம். என்ன சொல்கிறாள் என்று கேட்டவர்களிடம் அவன் சொன்னது ஒன்றுதான். அது தன் வீட்டுக்காரி என்று.