இருபது நிமிடத்தில் நிற்கும் கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டு மின்விசிறி நின்றுபோனால் முதலில் ஸ்விட்சைப் பார்ப்பீர்களா, அல்லது வீட்டுப் பெண்ணுக்கு அன்று எத்தனையாவது நாள் என்று கேட்பீர்களா?

சிரிக்காதீர்கள். 1996 நவம்பரில், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டார்கள்.

கேட்கப்பட்டவள் வேலுத்தாய். கான்சாபுரத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டைப்பிங் முடித்தாள், கம்ப்யூட்டரும் படித்தாள். அந்தக் கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டரில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலைக்கு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் நின்றது. திரையில் எழுத்து உறைந்துவிட்டது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. மானேஜர் சுந்தரபாண்டியன் வந்தார்.

"ஏட்டி, வீட்டுக்குத் தூரமா இருக்கையிலே இதைத் தொட்டியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமா சார். லீவு கேட்டதுக்கு, லோடு போகணும் வான்னு நீங்கதானே சொன்னிய?"

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக்கூடாது. புதன்கிழமை மானேஜரே குளித்துத் திருநீறு பூசி வந்து இயக்கினார். இருபது நிமிடத்தில் நின்றது.

"தீட்டு இன்னும் உள்ள நிக்கி" என்றார்.

வேலுத்தாய் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்டால் இருபது நிமிடம் ஓடுகிறது. நின்றவுடன் மறுபடி போட்டால் ஐந்தே நிமிடம். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அணைத்து வைத்தால் திரும்பவும் இருபது. தீட்டுக்குச் சாப்பாட்டு இடைவேளை உண்டா என்ன? சூட்டுக்குத்தான் உண்டு. உள்ளே ஏதோ கொதிக்கிறது, ஆறினால் வேலை செய்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை மதியம் மானேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். 'என் தவற்றால் கம்ப்யூட்டர் பழுதானது' என்று அதில் எழுதியிருந்தது. நாலு மணிக்கு முதலாளி மதுரையிலிருந்து திரும்புவதற்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நாளை வர வேண்டாம். போட்டாலோ, அந்தக் கடிதத்தின் கதை ஊரில் உள்ள எல்லா ஆபீசுக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"மூடியைக் கழத்திப் பாக்கேன் சார். செத்த நேரம் குடுங்க."

"தொட்டுக் கெடுத்தது போதாதா?"

"நின்னு போன மிஷின் இதுக்கு மேல எப்படி சார் கெடும்?"

வாசலில் லாரி காத்துக் கிடந்தது. லிஸ்ட் இல்லாமல் நகராது. அதனால்தான் மானேஜர் ஒப்புக்கொண்டார், நியாயத்துக்காக அல்ல.

தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் சங்கையா ஸ்க்ரூடிரைவர் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். நடுவில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர். அதன் மேல் அலுமினியத் தகடுகள்; தகடுகளின் மேல், சூட்டை ஆற்ற, உள்ளங்கையில் அடங்கும் சின்ன விசிறி. பென்சில் முனையால் தள்ளினாள். சுற்றவில்லை. இறக்கைகளுக்கிடையே பஞ்சுத் தூசி கறுத்துப் பிசினாக அப்பியிருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது தறி எண்ணெய்ல்லா?"

சங்கையா குனிந்து கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார்.

ஸ்பிரிட் தொட்ட பேண்டேஜ் துணியால் இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். தகடுகளின் இடுக்கில் இருந்ததைப் பல்துலக்கும் பிரஷால் கிளறி எடுத்தாள். நன்றாக உலரவிட்டு, மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஸ்விட்சைப் போட்டாள். விசிறி ஒருமுறை நடுங்கியது, பிறகு சுற்றியது.

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம். பதினெட்டு. இருபதாவது நிமிடத்தில் அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். திரையில் விழுந்தது. முப்பதாவது நிமிடத்திலும் விழுந்தது. லிஸ்ட் அச்சாகி, லாரி கிளம்பிற்று.

மானேஜர் கடிதத்தை மறுபடி நீட்டினார்.

"மிஷின்தான் ஓடுதே சார்!"

"மிஷின் ஓடுறது வேற, முறை வேற. போடு கையெழுத்தை."

அப்போதுதான் சங்கையா வாயைத் திறந்தார். "சார், ஆயுத பூசைக்குத் தறிக்கெல்லாம் எண்ணெய் விடையிலே, இதுவும் மிஷின்தானலே, இதுக்கும் ரெண்டு சொட்டு விடுன்னு சொன்னது நீங்க. மூடியைத் திறந்து விசிறியில விட்டது நான். அந்த எண்ணெயிலதான் பஞ்சு ஒட்டியிருக்கு."

"ஏலே, உன்னை யாரு கேட்டா?"

"யாருமே கேக்கலையே சார், அதான்."

"மூணு நாளா எங்க அண்ணாச்சி போயிருந்திய?" என்றாள் வேலுத்தாய்.

"நானும் பிள்ளைகுட்டிக்காரன் தாயி."

முதலாளி வந்தார். வேலுத்தாய் விசிறியில் இருந்து எடுத்த கறுப்புப் பிசினை ஒரு தாளில் வைத்து அவர் மேசையில் வைத்தாள். சங்கையாவும் கூட நின்றார். முதலாளி கடிதத்தைக் கிழித்தார். அவள் வேலை தப்பியது. ஆனால் முதலாளி மானேஜரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவில் இருந்த தாளையும் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்த நாளில் வேலுத்தாய் தாளைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாளும் போனாள். யாரும் தடுக்கவில்லை, கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. ஆனாலும் தாள் கதவிலேயே இருந்தது. அவளுக்குப் பின் வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் அதைப் படித்துவிட்டு மாதம் மூன்று நாள் வெளியே நின்றார்கள்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். ஒரு பொருள் பழுதாகி, எல்லாரும் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும்போது, சங்கையாவைப் போல மூன்று நாள் காத்திருக்காதீர்கள். மூடியைக் கழற்றிப் பார்ப்போம் என்று அந்த நிமிடமே சத்தமாகச் சொல்லுங்கள்.