ஊழியத்தில் இருந்த மாமா

திருவாரூரைத் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மயிலாடுதுறை விடுதியிலிருந்து காலையில் ஓடி வந்தவன், டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி, திருவாரூரில் இறக்கிவிடப்பட்டேன். இறக்கிவிட்ட அவசரத்தில் செருப்பு ரயிலோடு போய்விட்டது. சாலைக்கு இரண்டு பக்கமும் குறுவை நெல் கதிர் வாங்கி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. பசித்தபோதெல்லாம் இறங்கி அதைக் குடித்தேன். பசி அடங்கவில்லை. நடக்கும்போது வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் மட்டும் துணைக்கு வந்தது.

நான் போக வேண்டிய இடம் கீழ்வேளூர். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, ஊழியத்தில் இருந்தார்.

அப்பா இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். விடுதியில் நான் அம்மாவை நர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை வார்டன் அறைக்கு அவளிடமிருந்து போன் வரும். கடைசியாகப் பேசியபோது, "மாமா இப்ப கீழ்வேளூர்ல ஊழியத்துல இருக்காராம், ஜெபம் பண்ணிக்கோ" என்றாள். ஜெபம் பண்ணிக்கொள்ளச் சொன்னதை விட்டுவிட்டு ஊரின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஊழியம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் விடுதிக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று ஊழியக்காரர்கள் வருவார்கள். வெள்ளைச் சட்டை, பெரிய வேன், உள்ளே கீபோர்டு. மைக்கில் பேசி முடித்ததும் எங்களுக்கு பிஸ்கட் பாக்கெட் தருவார்கள், வார்டன் அவர்களுக்குக் கோழிக்குழம்பு வைப்பார். ஆனால் இரவு ஜெபத்தில் வேதம் வாசிக்கும்போது மட்டும் கணக்கு உதைத்தது. அதில் வரும் ஊழியக்காரர்கள் வயலில் உழுதுவிட்டு வந்து எஜமானுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறார்கள். இவ்வளவு பெரிய பிரசங்கியார்கள் எதற்குப் பந்தி பரிமாறுகிறார்கள் என்று பெரிய பையன் ஒருவனைக் கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆக, மாமாவிடம் ஒரு வேன் இருக்கும். வேன் வைத்திருப்பவருக்கு வீடு இருக்கும். வீட்டில் ஒரு மூலை எனக்குக் கிடைத்தால் இனி விடுதிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அதற்காகத்தான் நடந்தேன்.

வழியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம் ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. திருச்சிப் பக்கத்து ஆட்கள். காவி உடுத்தி, சின்னத் தள்ளுவண்டியில் மாதா சொரூபத்தை வைத்து இழுத்துப் போனார்கள். வெறுங்காலோடு வந்த என்னைப் பார்த்து, "பச்சப்புள்ள, செருப்புகூட இல்லாம நடக்குது பாருங்க" என்று ஓர் அம்மா உருகினார். "என்ன வேண்டுதல் தம்பி?" என்று கேட்டார்.

"அம்மா திரும்பி வரணும்னு" என்றேன். சும்மா வாயில் வந்தது, ஆனால் பொய் என்று சொல்ல முடியாது. அவர் தன் காவித் துண்டை எனக்குப் போர்த்திவிட்டு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

கீழ்வேளூருக்கு வெயில் தாழ வந்து சேர்ந்தோம். சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. ஒலிபெருக்கியில் ஒரு பையன் கத்திக்கொண்டிருந்தான்: "நடந்து வர்ற அன்பர்களே, கால் கழுவ சுடுதண்ணி இருக்கு, எலுமிச்சை சாதம் இருக்கு, ஒக்காந்துட்டுப் போங்க!" உள்ளூர் மாதா கோவில் இளைஞர்கள் போட்ட கொட்டகை அது. தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "இங்க ஊழியம் செய்யறவரு எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "இங்க எல்லாரும் அதாண்டா செய்யறோம். மொதல்ல அந்தப் பெஞ்சில போய் ஒக்காரு. காலப் பாரு, வெடிச்சு ரத்தம் வருது."

உட்கார்ந்தேன். பெஞ்சுக்குக் கீழே, கைலியை மடித்துக் கட்டிய ஒரு பனியன்காரர், பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு வரிசையாகக் கால்களைக் கழுவிக்கொண்டே வந்தார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஜோடி முடிந்தால் அடுத்த ஜோடி. கூட்டத்தில் ஒருவர் "மரியே" என்று கூவினார். எல்லோரும் "வாழ்க" என்றார்கள். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"உபதேசியாரே, ஒரு தடவ சொல்லிருங்க. தின்ன சோறு செரிக்கும்" என்றான் டிரம் அண்ணன்.

"நான் மாதாவுக்கா செய்யறேன்? காலுக்குச் செய்யறேன். நீ தண்ணிய ஊத்துப்பா."

என் காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். எரிந்தது. இழுத்தேன், விடவில்லை. சேற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தவரின் கை என் கால்விரல்களில் நின்றது. எனக்குக் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் நீளம். பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"இந்த விரல் யாருதுடா?"

"என்னுது."

"அது தெரியுது. உங்கம்மா எங்க இருக்கா?"

"குவைத்துல."

அப்போதுதான் நிமிர்ந்தார். பிறகு தன் காலைத் தூக்கி டப்பின் விளிம்பில் வைத்துக் காட்டினார். அதே விரல், அதே ஏற்றம். மேடையில் வெள்ளைச் சட்டையோடு எப்போதோ பார்த்த மாமாவை அந்தத் தாடிக்குள் தேட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாமா, வேன் எங்க?" என்றேன்.

"எந்த வேனு?"

"ஊழியத்து வேன்."

டப்புத் தண்ணீர் அலம்பும்படி சிரித்தார். "மாப்ள, எனக்கு வேனும் இல்ல, மேடையும் இல்ல. எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேன்."

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. தரங்கம்பாடிப் பக்கம், மாதாவைக் கும்பிடாத ஒரு சபையில் உபதேசியாராக இருந்தவர், குடித்துவிட்டுப் பிரசங்கம் செய்யப் போய் வேலையை இழந்திருந்தார்.

"அப்பறம் ஏன் அம்மாட்ட ஊழியத்துல இருக்கேன்னு சொன்னீங்க?"

"பொய்யாடா சொன்னேன்?" மறுபடி என் காலைத் தேய்க்கத் தொடங்கினார். "உங்கம்மாவும் இதே ஊழியந்தான். அவளுக்குத் தரை, எனக்குக் காலு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அம்மாவைக் கேவலப்படுத்துகிறார் என்று பட்டது. "அம்மா நர்ஸு" என்றேன், அவரிடமே.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமாமா, நர்ஸுதான். நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. "நான் ஒங்களோடயே இருந்துடறேன் மாமா. விடுதிக்குப் போகமாட்டேன்."

"எங்கடா இருப்ப? நானே இங்க நெலையில்ல. வேளாங்கண்ணியில தேர் முடிஞ்சா மறுநாள் இந்தத் தகரத்தக் கழட்டிருவாங்க."

அப்போது கொட்டகைக்குத் தலைவரான உரக்கடைக்காரர் வந்து, "யாரு பையன்?" என்று கேட்டார். "எங்க அக்கா மவனுங்க. காலையில பஸ் ஏத்தி அனுப்பிடறேன்" என்றார் மாமா. சொல்லும்போது கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மாமாவை யார் முன்னும் அப்படிப் பார்த்ததில்லை நான். எலுமிச்சை சாதத்தை எனக்கு இலையில் வைத்தவர், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை தான் உட்காரவில்லை. அன்றைக்கு அதற்கெல்லாம் நான் ஒரே அர்த்தம்தான் வைத்துக்கொண்டேன்: மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. சாக்குமேல் படுத்து, காலையில் பஸ் ஏற்றினால் எந்த நிறுத்தத்தில் இறங்கி ஓடலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அந்தத் தேர் முடிந்ததும் நான் விடுதிக்குத்தான் திரும்பினேன் என்பதையும், மறு வருஷம் வேறு பக்கம் ஓடினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஹோட்டல், செங்கல் சூளை, மீன் ஏற்றும் லாரி என்று எத்தனையோ இடங்களில் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். எனக்காக ஒருவர் பொய்க்காரணம் சொல்லி வேலை வாங்கித் தந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

விடிந்தபோது சாலை நிறையக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. டிரம் அண்ணன் தூங்கப் போய்விட்டான். உரக்கடைக்காரர் வந்து, "பையன பஸ் ஏத்தலியா?" என்று கேட்டார். மாமா என் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, இந்தக் காலோட எப்படிங்க பஸ்ல போவான்?"

பஸ்ஸில் போகக் கால் எதற்கு என்று எனக்கே தோன்றியது. உரக்கடைக்காரருக்கும் தோன்றியிருக்க வேண்டும். சாத அண்டாவைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். மாமாவும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்பே அதே சாலையில், பசியோடு, நடப்பவர்களுக்கு நடுவே நுழைந்து வந்தவர். அதே பெஞ்சில் உட்கார்ந்து யாரோ கால் கழுவிவிட, எழுந்து போக இடமில்லாமல் கீழே இறங்கி அமர்ந்துகொண்டவர். பல வருஷம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிய வந்தது. தனக்கே நிலையில்லாத அந்த இடத்தில்தான் அவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நீ ஊத்து, நான் தேய்க்கிறேன்" என்று சொம்பைக் கையில் கொடுத்தார். "மொதல்ல கைய விட்டுச் சூடு பாரு. முகத்தப் பாக்காத, கூச்சப்படுவாங்க."

ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். கையை விட்டுச் சூடு பார்த்தேன். ஊற்றினேன்.