டேப்பக்காவின் வெள்ளிக்கிழமை

"பாப்பாவுக்கு ஒண்ணுக்கு கலங்கலா வருது கண்ணு. நேத்தும் வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சு," என்றாள் டேப்பக்கா, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு வெளியே நின்று.

உள்ளே இருந்த எழுத்தர் அவள் நீட்டிய நோட்டை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டு நாள்தானேக்கா? மூணு நாள் தொடர்ந்து வந்தாத்தான் நோய் திரும்பிருச்சுன்னு அர்த்தம். சுவத்துலயே ஒட்டியிருக்கே."

"இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. சோறும் இறங்கல இவளுக்கு."

"இஞ்சுக்கெல்லாம் சீட்டு போட முடியாதுக்கா. கிட்னி டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு."

"ஏம்மா, என் டேப்பு பொய் சொல்லுமா?"

"டேப்பு சொல்லாது. டாக்டர்கிட்ட திட்டு வாங்குறது நான்ல?"

பாப்பாவுக்கு ஏழு வயது. அவள்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, போய் கவுனைப் பிரிச்சு விடுவோம்."

அந்த வெள்ளிக்கிழமை நடந்த பேச்சு இவ்வளவுதான். எழுத்தருக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தவள் அந்த அக்கா. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதனால் அந்தப் பெயர். புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு. பாப்பாவின் மூன்றாவது வயதில் ஒரு நாள் காலையில் முகம் உப்பியிருந்தது. "நல்லா ஊட்டுறே போல, கன்னம் வச்சிருச்சு," என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சினாள். இவள் கண்ணோ, ஜட்டி எலாஸ்டிக் இடுப்பில் பதித்திருந்த பள்ளத்தில் நின்றது. அளந்து பார்த்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சிறுநீரகம் வழியே சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் நான்கு வருடம் பிடித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கி, தெளிவா கலங்கலா என்று நோட்டில் குறிக்க வேண்டும்; கலங்கினால் புரதம் போகிறது என்று அர்த்தம். யாரும் கேட்காமலேயே பக்கத்தில் இடுப்பளவையும் எழுதி வந்தாள்.

"இது ஆஸ்பத்திரியா, தையக்கடையா?" என்று டாக்டர் சிரிப்பார்.

"உங்க கண்ணுக்கு முந்தி என் டேப்புக்குத் தெரியும் சார்."

பாப்பாவின் கவுன்களில் உள்மடிப்பு மூன்று விரல் அகலம் இருக்கும். வீங்கினால் பிரிப்பாள், வற்றினால் பிடிப்பாள். நான்கு முறை நோய் திரும்பியது. பிரித்துத் தைத்த ஊசித் துளைகள் துணியில் அப்படியே நின்றன.

அந்த வெள்ளிக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அனலாய்க் காய்ச்சல், வயிறு கல் மாதிரி. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்துவிட்டது. வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. 'தாய் தாமதமாக அழைத்து வந்தார்' என்று கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவர் ஆஸ்பத்திரிக் கணக்கில் வரவும் இல்லை.

மறுவருடம் ஓர் ஆய்வு தொடங்கியது. பத்து வருடத்தில் வந்த சிறுநீரகப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கணக்கு. குணமானது, திரும்பியது, சிறுநீரகம் செயலிழந்தது, இறந்தது, தகவல் இல்லை என ஐந்து கட்டங்கள். இரண்டு மொழியும் தெரிந்தவள் என்று அந்த வேலையை எழுத்தரிடம் கொடுத்தார்கள். பாப்பாவின் தாளில் நான்காவது கட்டத்தில் டிக் போட்டாள். காரணம் என்ற இடத்தில் அந்த வரியை அழகான கையெழுத்தில் பார்த்து எழுதினாள். பேனா எங்கும் தயங்கவில்லை.

ஆய்வுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட டேப்பக்கா வந்தாள். "என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு," என்றாள்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். எழுத்தர் உள்ளது உள்ளபடி படித்தாள்.

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வழியே நீட்டினாள். வெள்ளி, கலங்கல், இருபத்து மூன்று இஞ்ச்.

"திருப்பி அனுப்பினது நீதான்னு எழுத வேணாம் கண்ணு, உன் பொழப்பு கெட்டுரும். நான் வெள்ளிக்கிழமையே வந்தேன்னு மட்டும் எழுதிரு."