மூன்று மொட்டை

பரளச்சியில் முருகலட்சுமியைத் தெரியாத ஆள் கிடையாது. ஒரே வருஷத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மூன்று மொட்டை போட்டவள் என்றால் சும்மாவா? கழுத்தில் தாலி கிடக்க, புருஷன் கல்லுக்குண்டு மாதிரி இருக்க, ஒரு பொம்பளை தலையை மழித்துக்கொள்கிறாள் என்றால் அது பெரிய வேண்டுதலாகத்தான் இருக்க வேண்டும். உடம்பில் ஏதோ கட்டி வந்ததாம், ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டாளாம், கரைந்தே போய்விட்டதாம். ஊர் இப்படித்தான் பேசியது. பேச வைத்தவளும் அவள்தான்.

நடந்தது வேறு. கட்டி கரையவில்லை. வந்தது புற்று. மதுரையில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனவளுக்கு, அங்கே ஆஸ்பத்திரியில் இடது மாரோடு சேர்த்து அறுத்து எடுத்தார்கள். புருஷன் அய்யப்பனுக்கும் மகள் ஜெகதீஸ்வரிக்கும் மட்டும் தெரியும். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முதல் தடவைக்கே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. “வெளிய தெரிஞ்சா நம்ம பிள்ளைய யாரு கட்டுவா?” என்று அய்யப்பன் இடிந்துபோய் உட்கார்ந்தபோது, இவளுக்கு இருக்கன்குடி ஞாபகம் வந்தது. மறுநாளே போய் மிச்சத்தை இறக்கிவிட்டு, சந்தனத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மற்றவர்கள் மொட்டை மூன்று மாதத்தில் கறுத்துவிடும். இவள் தலை வெளுத்தே கிடந்தது. யாரும் கேட்குமுன் “மொத்தம் மூணு நேந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். புருவமும் உதிர்ந்தது. அதை மைப்பென்சிலால் வரைந்து சமாளித்தாள். ஒரு பொய்க்குத்தான் எத்தனை வேலை.

காப்பீட்டில் அடங்காத ஊசிகளை அருப்புக்கோட்டையில் ஒரு அறக்கட்டளை வாங்கிக் கொடுத்தது. அங்கே வேலை பார்க்கும் யுவராணிதான் ஆஸ்பத்திரிக்கும் கூடவே அலைந்தாள். “யாரு தாயி இம்புட்டுக் காசு போடுறது?” என்று ஒருநாள் கேட்டாள் முருகலட்சுமி.

“பந்தல்குடி ரோட்டு மில்லுல வேல பாக்குறவுகக்கா. சம்பளத்துல மாசம் இருபது, முப்பதுன்னு பிடிக்கச் சொல்லிருக்காக. கொஞ்சம் ஆராய்ச்சிக்கும் போகுது. ஒங்களுக்கு ஏத்துற மருந்தே யார் யாரோ எப்பவோ குடுத்த காசுல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதுதான்.”

முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசு தன் ரத்தத்தில் ஓடுகிறது என்று நினைத்தபோது முருகலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்து முடிந்து, முடி ஒரு விரல்கடை வளர்ந்த பிறகு யுவராணி ஒரே ஒரு உதவி கேட்டாள். “மில்லுல ஒரு கூட்டம் போடுறோம்க்கா. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுனா, பொழச்ச ஆளக் கண்ணால பாத்துட்டு இன்னும் நாலு பேரு குடுப்பாக. ஊசிக்குக் காத்துக் கெடக்குறவுக நெறைய. கட்டாயம் இல்லக்கா.”

கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வாய்த்த சம்பந்தம் அப்படி. எம்.ரெட்டியபட்டி மணிகண்டனுக்கு ஜெகதீஸ்வரியைப் பேசி முடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. அவன் வேலை பார்ப்பது அதே மில்லில். பெண் கேட்டு வந்தபோது அவனுடைய அம்மா சௌந்தரம் வாய் நிறையச் சொன்னாள்: “ஆத்தா கை வச்ச குடும்பம் மதினி. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.” மேடை ஏறினால் மகள் கல்யாணம் போச்சு. ஏறாவிட்டால் எவளோ ஒருத்திக்கு ஊசி போச்சு. “பிள்ள கல்யாணம் முடியட்டும் தாயி” என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் சௌந்தரம் தனியாக வந்து நின்றாள். வீட்டுக்குள் வந்து முக்காட்டை எடுத்தாள். சந்தனம் காயாத மொட்டை.

“இருக்கன்குடிக்குப் போயிட்டு அப்படியே வாரேன் மதினி,” என்று திருநீற்றை நீட்டினாள். பிறகு முருகலட்சுமியின் கையைப் பிடித்துத் தன் மாரில் வைத்தாள். “ஆறு மாசமாச்சு. நெல்லிக்கா மாதிரி இருந்துச்சு, இப்ப எலுமிச்சம்பழம் கணக்கா ஆகிருச்சு. மகன்கிட்டகூடச் சொல்லல. ஒங்களப் பாத்துத்தான் மூணு மொட்ட நேந்துக்கிட்டேன். ஊருல கேட்டவுககிட்ட மகன் கல்யாணத்துக்குன்னு சொல்லிருக்கேன். இன்னும் ரெண்டு போட்டா கரைஞ்சிரும்ல?”

கைக்குள் கல் மாதிரி இருந்தது. முருகலட்சுமிக்குப் பழக்கமான கல்தான். கரையும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆவணியில் கல்யாணம் நடந்துவிடும். மகள் அந்த வீட்டுக்குப் போய் மாமியாருக்குப் பாடை கட்டுவதைப் பார்ப்பாள். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அதை மறைப்பானேன்?

எழுந்து கதவைச் சாத்தினாள். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினாள். இடப்பக்கம் வெறும் தட்டையாக, நெடுக ஒரு தழும்பு.

“கரையல மதினி. அறுத்து எடுத்தாக. முடியும் நானாக் குடுக்கல, மருந்துல கொட்டிருச்சு. நான் சொன்னது அம்புட்டும் பொய்.”

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முருகலட்சுமி நின்றாள். “ஒங்க பேச்ச நம்பி ஆறு மாசத்த ஓட்டிட்டேனே,” என்றாள் சௌந்தரம். முருகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு கொக்கிகளை மாட்டினாள்.

“ஒங்க வைத்தியத்துக்குக் காசு யாரு குடுத்தா?”

“மில்லுல வேல பாக்குற பிள்ளைக. சம்பளத்துல பிடிக்காகள்ல, அதுதான்.”

சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “எம் மகனுக்கும் பிடிக்காக. எவளுக்கோ எதுக்குடா தண்டம் அழுகுறன்னு மாசா மாசம் வைவேன்.”

முருகலட்சுமி யுவராணிக்குப் போன் போட்டாள். நாளைக்கே மதுரைக்குக் கூட்டிவரச் சொன்ன யுவராணி, தயங்கித் தயங்கி, “கூட்டத்துக்கு வாறீகளாக்கா?” என்றும் கேட்டாள். முருகலட்சுமி போனைக் கையால் பொத்திக்கொண்டு, “நான் பொழச்ச கதைய மில்லுக் கூட்டத்துல பேசச் சொல்றாக மதினி,” என்றாள். சௌந்தரம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கல்யாணம் நடக்கட்டும். ஆனா ரெண்டு வீட்டுலயும் இந்த நோவுன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பெறக்கப் போற பேத்தி வரைக்கும் பேசுவாக. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும் மதினி.”

“இப்ப முடியாது தாயி,” என்று போனில் சொன்னாள் முருகலட்சுமி. ஒருத்தி அடைபட்டுக் கிடந்த இடத்தில் இப்போது இரண்டு பேர்.

மறுநாள் மதுரை பஸ்ஸுக்கு நிற்கையில், சௌந்தரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள். “மூணு மொட்டன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிட்டேனே மதினி. மிச்சம் ரெண்டுக்கு என்ன செய்ய?”

முருகலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தன்னால கொட்டிரும்.”