ரப்பர் தோட்டத்துக்கு வந்த காய்ச்சல்

நராத்திவாத் பக்கம் எங்கள் ஊரில் சுரைதாவைப் போல் ரப்பர் பால் வெட்ட ஆள் கிடையாது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவாள். அந்த வருஷம் மழை விடவில்லை. வேலை முடங்கியது. பால் பிடிக்கும் கோப்பைகளில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. ஊரில் முதலில் காய்ச்சலில் விழுந்தவள் சுரைதாதான். மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொள்ள, கூன் போட்டு நடந்தாள்.

அவள் தங்கை நூரீஸா பிரசவத்துக்காக அப்போது அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வலி கண்ட அன்றே அவளுக்கும் காய்ச்சல். பிறந்த ஆண் குழந்தைக்கும் அது தொற்றியது; சில நாளில் பால் குடிக்க மறுத்தது, வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் வந்ததும் நூரீஸா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன் வீட்டுக்கு வராம இருந்தா எம்புள்ள பொழச்சிருப்பான்ல, அக்கா?"



எங்கள் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துப்போன டாக்டரம்மா பல மாதம் கழித்து வந்தார். தேநீர்க் கடையில் கூடினோம்.

"இந்தக் கிருமி ஆப்பிரிக்காவுல இருந்து கெளம்பினது. முன்னெல்லாம் டவுன் கொசுவுக்குள்ளதான் நல்லாப் பெருகும். வர்ற வழியில அதோட மரபணுவுல ஒரு சின்ன எடம் மாறிப்போச்சு. இப்ப உங்க தோட்டத்து வரிக்கொசுவுக்குள்ளயும் சுலபமாப் பெருகுது."

"பாத்தியா! வந்த எடத்துலயே சம்பந்தம் பண்ணிக்கிச்சு!" என்றார் கடைக்கார யூசோ. சிரித்தோம். சுரைதா சிரிக்கவில்லை.

"எதுக்கு மாறுச்சு டாக்டர்?" என்று கேட்டாள்.

"வேணும்னு மாறல. கிருமி பெருகும்போது பிழை விழுந்துக்கிட்டே இருக்கும். முக்காவாசி ஒண்ணுக்கும் ஆகாது. இந்தப் பிழை அதுக்கு வாய்ச்சிருச்சு."

"அப்ப என் மேல குத்தம் இல்லையா?"

"இல்லம்மா."

"இத என் தங்கச்சிகிட்ட வந்து சொல்லுவீங்களா?"

டாக்டரம்மா மறுக்கவில்லை. நானும் கூடப் போனேன். நூரீஸா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். எங்களுக்குத் தேநீரும் கொடுத்தாள். பிறகு அக்காவிடம் சொன்னாள்: "புரியுதுக்கா. உன் மேல கோவம் இல்ல. ஆனா உன்னப் பாத்தா அவன் மொகந்தான் வருது. நீ இங்க வராத."

அந்தக் காய்ச்சலுக்குப் பின் சுரைதாவின் விரல்கள் கத்திக்கு மடங்கவே இல்லை. யூசோ கடையில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருக்கிறாள். நூரீஸாவுக்குப் பிறகொரு பெண் பிறந்தது. என்ன பெயர் வைத்தார்கள் என்று சுரைதா என்னிடம்தான் கேட்டாள்.