இடது பக்கத்து மைக்

தனுஷா மனிதர்களை எப்போதும் தன் வலது பக்கத்திலேயே வைத்திருப்பாள். பஸ்ஸில் ஏறினால் இடப்பக்க யன்னலோரம் கிடைக்கும்வரை நின்றுகொண்டே வருவாள். கோயிலில் நீண்ட வாங்குப் பலகையின் இடது அந்தத்தில்தான் இருப்பாள். வேலைசெய்யும் ஸ்ரூடியோவில் அவளுடைய மேசைக்கு இடது பக்கம் சுவர். மேசையை அப்படித் திருப்பிப் போட்டது அவள்தான். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று காரணம் சொன்னாள். பதினொரு வருடமாக ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இடது காது ஒன்பது வயதில் போனது. இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தபோது கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்தது. ஒரு கிழமையில் வீக்கம் வற்றிவிட்டது, காது திரும்பவில்லை. கலியாணப் பேச்சு வரும் காலத்தில் இடைஞ்சலாகிவிடும், வெளியில் சொல்லாதே என்று அம்மா சொல்லிவைத்தாள். கலியாணம் நடக்கவில்லை. சொல்லாமலிருக்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

குருநகரில் றெஜி நடத்தும் வீடியோ ஸ்ரூடியோவுக்கு அவள் வந்தது அல்பங்களுக்கும் நினைவு மலர்களுக்கும் எழுத்துக் கோக்க. ஒலி வேலை செய்துகொண்டிருந்தவர் வெளிநாடு போனதும் அந்தக் கதிரை அவளுக்கு வந்தது. ஒற்றைக் காதோடு எப்படி என்று முதல் மாதம் நித்திரை வரவில்லை. அப்போதுதான் கட்டளை எழுதி ஓட்டும் இலவச மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுத்த திரையில் ஒரு வரி தட்டினால் கோப்பு முழுவதையும் அது ஓடிப் பார்த்து, சராசரிச் சத்தம் இவ்வளவு டெசிபல், உச்சச் சத்தம் இவ்வளவு என்று இலக்கத்தில் சொல்லும். இன்னொரு வரியில் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றாவதாக ஒரு வடிகட்டி இருந்தது. அது முணுமுணுப்பைத் தூக்கி, கத்தலை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும்.

காது செய்யவேண்டியதை இலக்கம் செய்தது. வேலை முடியும்போதெல்லாம் சராசரியையும் உச்சத்தையும் ஒரு துண்டில் எழுதி வீடியோவின் உறையோடு ஒட்டிக் கொடுப்பாள். மற்ற ஸ்ரூடியோக்காரரின் வீடியோவில் பாட்டு இடிக்கும், சாமியாரின் பிரசங்கம் கேட்காது. றெஜியின் வீடியோவை ரொறன்ரோவில் பார்த்தாலும் பாரிசில் பார்த்தாலும் தொலைபேசியின் சத்தத்தைத் தொடவேண்டியிருக்காது. அந்தத் துண்டுகளைப் பற்றி றெஜி ஊர் முழுக்கப் பெருமை கதைப்பான்.

வின்சன்ற் என்ற மீனவர் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவு வந்தது. நெஞ்சு நோவோடு கடலுக்குப் போனவர், படகிலேயே சாய்ந்துவிட்டார். காலையில் கோயிலில் பூசை. பிறகு வீட்டு முற்றத்தில் கொட்டகைக்குள் உறவினர் ஒவ்வொருவராக எழும்பி அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது. வரமுடியாமல் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் பார்க்கத்தான் இந்தப் பேச்செல்லாம் பதிவாகிறது. கமரா பிடித்தவன் பிரகாஸ். அவனிடம் சட்டையில் குத்தும் மைக் இரண்டு இருந்தன. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்துப் பேசவிருப்பவருக்கு மற்ற மைக்கைக் குத்தித் திறந்துவிடுவான். ஒரு மைக் இடது பக்கத்திலும் மற்றது வலது பக்கத்திலும் தனித்தனியே பதிவாகும். பேசாதவரின் பக்கத்தைச் சத்தமில்லாமல் அமர்த்திவிடுவது பிறகு தனுஷாவின் வேலை.

வின்சன்றின் மனைவி அருமைநாயகி பேசியபோது அவளுடைய குரல் வலது பக்கத்தில். அடுத்துப் பேசக் காத்திருந்த வின்சன்றின் தம்பி ஜெனிஸ்ரனின் மைக் இடது பக்கத்தில்.

அந்தக் கிழமை ஸ்ரூடியோவில் மூன்று வேலை ஒன்றாய் வந்து விழுந்திருந்தது. இடது பக்கத்தில் யார், வலது பக்கத்தில் யார் என்று பிரகாஸ் எழுதித் தரும் குறிப்பும் வரவில்லை. தனுஷா ஹெட்செற்றைப் போட்டு அருமைநாயகியின் பேச்சைக் கேட்டாள். மெல்லிய, உடைந்த குரல். சராசரி மைனஸ் முப்பது. தூக்கவேண்டும். தேவாலயப் பாட்டுக்காக முன்பொருமுறை எழுதிவைத்த கட்டளையை எடுத்து ஓட்டினாள். அது இரண்டு பக்கங்களையும் தனித்தனியே தூக்கி மட்டப்படுத்தும். முடிந்தபின் அளந்தாள். சராசரி மைனஸ் பதினெட்டு, உச்சம் மைனஸ் ஒன்று. இதைவிட அழகான இலக்கம் வராது. துண்டில் எழுதினாள். வீடியோ குடும்பத்தின் வைபர் குழுவுக்குப் போனது.

அடுத்த நாள் காலையில் பிரான்சிலிருந்து அருமைநாயகியின் மகள் றெஜிக்குத் தொலைபேசி எடுத்தாள். றெஜி எல்லாவற்றையும் கேட்டான். தொலைபேசியை வைத்துவிட்டு வீடியோவைப் பெட்டி ஸ்பீக்கரில் போட்டான். அருமைநாயகி, அவர் எப்படிப்பட்ட மனிசன் என்று சொல்லி விம்முகிறாள். அந்த விம்மலுக்கு மேலே, அதே அளவு தெளிவாக, பக்கத்திலிருப்பவரின் காதுக்குள் ஜெனிஸ்ரன் சொன்னது வந்தது.

"நெஞ்சு நோவோடை மனிசனைக் கடலுக்கு விட்டிட்டு, இப்ப மைக்குக்கு முன்னாலை நிண்டு அழுறாள்."

முற்றத்தில் வேறு ஒருவருக்கும் கேட்டிராத அந்த வசனத்தை நான்கு நாடுகளில் இருந்தவர்கள் கேட்டிருந்தார்கள். மகள் சித்தப்பாவுக்கும் தொலைபேசி எடுத்து ஏசியிருக்கிறாள். சித்தப்பா, சொன்னதை இல்லையென்று சொல்லவில்லையாம்.

றெஜி பிரகாஸைக் கூப்பிட்டான். மைக் பெட்டியில் இரண்டையும் தனித்தனியே பதியவும் ஒன்றாகக் கலந்து பதியவும் தட்டி மாற்றும் ஒரு சின்ன ஆளி உண்டு. கலந்து பதிந்திருந்தால் பிறகு ஒருவராலும் பிரிக்கமுடியாது. முந்தின மாதம் ஒரு கலியாண வீட்டில் பிரகாஸ் அதை மாற்றிவைக்க மறந்திருந்தான்.

"இந்த முறையும் கலந்துதானே பதிஞ்சனீ?"

பிரகாஸ் தலையைச் சொறிந்தான். "சரியா ஞாபகமில்லை அண்ணை. கலந்திருக்கும் போலை."

"கலந்திருக்கும் போலை," என்று றெஜி திருப்பிச் சொன்னான். "வாயிலை வைச்ச சோத்தையும் மறந்து துப்புவாய். தனுஷாவின்ரை அளவைப் பார், ஒரு புள்ளி பிசகில்லை. அவள் என்ன செய்வாள், நீ குடுத்ததைத்தானே தூக்கினவள்." சனிக்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றான்.

தனுஷா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மூலக் கோப்பு அவளுடைய கணினியில் கிடந்தது. வேறு ஒருவரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. பிரகாஸ் வெளியே போகும்போது அவளுடைய மேசையருகில் நின்றான்.

"அக்கா, நீங்கள் கேக்கேக்கை இது கேக்கேல்லையோ?"

குற்றம் சாட்டவில்லை, விளங்காமல்தான் கேட்டான். அவள் வேலை கூடிப்போனதென்று என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் சோற்றுப் பொதியைப் பிரிக்காமல் அவள் கறுத்த திரையைத் திறந்தாள். முழுக் கோப்புக்கும் ஒரே இலக்கம் தருகிற கட்டளைதான் அவளுக்குப் பழக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் தனியே அளக்கிற இன்னொன்று இருக்கிறது என்று தெரியும். தேவைப்படவில்லை என்று இத்தனை வருடமும் தனக்கே சொல்லிவந்தாள். அதைத் தட்டினாள். மூலக் கோப்பில் வலது பக்கம் மைனஸ் இருபத்தேழு, இடது பக்கம் மைனஸ் நாற்பத்தொன்பது. கலந்திருந்தால் இரண்டும் ஒரே இலக்கமாக இருந்திருக்கும். பிரகாஸ் பிழை விடவில்லை. முணுமுணுப்பை முப்பது டெசிபலுக்கு மேல் தூக்கி, அழுகிற பெண்ணின் குரலோடு சரிசமமாக நிறுத்தியது அவளுடைய கட்டளை.

அந்தத் திரையை அப்படியே மூடிவிடலாம். அம்மா உயிரோடு இருந்தால் மூடு என்றுதான் சொல்வாள். தனுஷா இலக்கங்களை அச்செடுத்து றெஜியின் மேசையில் வைத்தாள்.

"அண்ணை, பிரகாஸ் தனித்தனியாத்தான் பதிஞ்சவன். இடது பக்கத்தை நான் கேக்கேல்லை. எனக்கு அந்தக் காது கேக்காது. சின்னனிலையிருந்து."

றெஜி தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பதினொரு வருடத்து உறைகள் எல்லாவற்றையும் அவன் மனதுக்குள் திரும்பப் பிரிப்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் எழும்பி, அவளைக் கடந்து கதவடிக்குப் போனான். அங்கே நின்று ஏதோ சொன்னான் போலிருந்தது. அவள் திரும்பியபோது அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ அண்ணை."

அவன் வந்தான். வலது பக்கத்தில் நின்றும், இரண்டு காதும் கேளாதவளுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக, உரத்துச் சொன்னான்.

"அருமைநாயகி அக்கா வீட்டை நீர்தான் போகவேணும். பிரகாஸுக்கு நான் சொல்லுறன்."

இத்தனை வருடத்தில் றெஜி அவளோடு சத்தமாய்க் கதைத்தது கிடையாது. இனி இப்படித்தான் கதைப்பான் என்று அவளுக்கு விளங்கியது.

இடது பக்கத்தை அமர்த்தித் திருத்திய வீடியோவைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகை கழற்றியாயிற்று. அருமைநாயகி முற்றத்தில் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தனுஷா நடந்ததைச் சொன்னாள், காதையும் சொன்னாள். ஒரே நாளில் இரண்டாவது முறை சொல்வதால் அது இலகுவாகிவிடவில்லை. அருமைநாயகி பென்ட்ரைவைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் எதுவென்று தெரியாததுபோல் புரட்டிப் பார்த்தாள்.

"இதிலை அவன்ரை கதை இல்லையோ?"

"இல்லை அக்கா. எடுத்திட்டன்."

"எல்லாரும் கேட்டபிறகு எடுத்து என்ன பிள்ளை." அடுக்கின கதிரை ஒன்றை இறக்கி அதில் இருந்தாள். "ஊரும் அதைத்தானே நினைச்சிருக்கும். அவன் வாய்விட்டான். நான் போகவேண்டாமெண்டு சொன்னனான். நாலு மணிக்கு வெளிக்கிடேக்கை ஒவ்வொரு நாளும் சொன்னனான். பிள்ளையள் எழும்பியிடுங்கள் எண்டு சத்தமாச் சொல்லேல்லை."

தனுஷா அருமைநாயகியின் இடது பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் அவளுக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது பிரகாஸ் வந்திருந்தான். ஒலி முடித்த ஒவ்வொரு கோப்பையும் வெளியே விடுமுன் இனி அவன் ஒருமுறை கேட்கவேண்டும் என்பது றெஜியின் ஏற்பாடு. அவன் அவளோடு கதைக்கவில்லை. ஹெட்செற்றை வாங்கி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி இருந்து கேட்டான். அவன் கையை உயர்த்தி முடிந்தது என்று காட்டும்வரை, துண்டில் இலக்கத்தை எழுதாமல் அவள் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.