பிள்ளை பார்ப்பதும் ஒரு வேலையோ?

பல்லுப் பிடுங்குகிறவருக்கும் பிணம் எரிக்கிறவருக்கும்கூட ஒரு தொழில் இருக்கிறதென்று ஊர் ஒப்புக்கொள்ளும். பாலர் பாடசாலை ரீச்சருக்கு மட்டும் பொழுது போகிறது என்றுதான் சொல்லும்.

மூக்குத் துடைத்தே கை தேய்ந்துபோன என் சக ரீச்சர்மாரே, தாய்மாரே, உங்களுக்கு இது புதிதல்ல. நல்லூருக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில், சனசமூக நிலைய மண்டபத்தில், காலை வேளைகளில் நான் நேர்சரி நடத்தி வந்தேன். நிலையத்து ஆண்கள் பெரிய மனசு பண்ணி விட்டுத்தந்த மண்டபம் அது. எப்போதும் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் நேர்சரி இல்லை, நானும் இல்லை. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் கதவைத் திறப்பேன்.

பெண் பார்க்க வந்தவர்கள்

ஒருநாள் புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று காலைதான் இரண்டு வாந்தி, ஒரு கடி, ஒரு மூக்குக்குள் போன புளியங்கொட்டை எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். தேத்தண்ணித் தட்டோடு நான் தலை குனிந்து நின்றது வெட்கத்தால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். களைப்பு!

மாப்பிள்ளையின் தாய், "பொம்பிளை வேலைக்குப் போறவவோ?" என்று கேட்டா. வேலைக்குப் போகும் மருமகள் வேண்டாம் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் அம்மா பெருமையோடு வாயைத் திறக்க முதல் புரோக்கர் முந்திக்கொண்டார்: "சீச்சீ, வேலையொண்டும் இல்லை, காலமை சின்னப் பிள்ளையளோடை விளையாடிப்போட்டு வீட்டை வந்திடுவா."

ஏடு தொடக்கல்

விஜயதசமிக்கு எங்கள் மண்டபத்தில் ஏடு தொடக்குகிறவர் நிலையத் தலைவர். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வெள்ளை வேட்டி, சால்வை, பயங்கரமான மீசை. அந்த வருடம் முதல் பிள்ளை அவருடைய பேரன் சேந்தன். மீசையைக் கிட்டத்தில் கண்டதும் பொடியன் குழறி அழத் தொடங்கினான். கையை இறுக்கப் பொத்திக்கொண்டான்.

தூக்கி என் மடியில் வைத்தேன். காகம் வடை கொண்டுபோன கதையைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு விரலாக விரித்தேன். தலைவர் அந்த விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினார். எல்லோருக்கும் சந்தோசம். கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி கமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். "பிள்ளையை அப்பிடியே மடியிலை வைச்சிருங்கோ ரீச்சர், நீங்கள் மட்டும் கொஞ்சம் விலத்துங்கோ, படத்திலை விழுறியள்."

ரியூசன் மாஸ்டர்

யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்கு முன்னால் சாமியே ஒதுங்கி நிற்கும். சனி ஞாயிறுகளில் எங்கள் மண்டபத்தில் கணிதம் படிப்பித்த மாஸ்டர், இனி கிழமை நாள் காலைகளும் தனக்கு வேண்டும் என்று கேட்டார். மூன்றாந்தரம் ஏ.எல். சோதனை எடுக்கிற பெடியளுக்கு விசேட வகுப்பாம். தலைவர் தலையாட்டிவிட்டு, முறைப்படி கூட்டம் வைத்துத் தீர்மானம் எடுப்போம் என்றார். நான் ஓடிப்போய்த் தாய்மாரிடம் சொன்னேன்.

என்னைவிட ஆத்திரப்பட்டவ மரியநாயகி அக்கா. போரில் செல்லடிக்குத் தப்பிக் குருநகரிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவ. மகனை என்னிடம் விட்டுவிட்டுத்தான் மீன் விற்கப் போவா. அன்றைக்கு மீன் கடகத்தோடு மாஸ்டரின் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றா. "உங்கடை பெடியள் இந்தமுறை பெயிலானாலும் அடுத்தமுறை எழுதுவினம் மாஸ்டர், என்ரை மீன் மத்தியானம் வரைக்கும் காத்திருக்குமோ?"

பெண் விடுதலைக் கருத்தரங்கு

கூட்டத்துக்கு முந்திய கிழமை, எங்கள் மண்டபத்திலேயே பெண்களுக்கு ஒரு கருத்தரங்கு வந்தது. பேச வருகிறவ படித்தவ, தலைவரே மதிக்கிறவ. மண்டபத்தைப் பற்றி அவ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பியிருந்தேன். ஆனால் தாய்மார் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பேச்சுத் தொடங்க முதலே அழுகையும் தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன்.

யன்னலால் பேச்சுக் கேட்டது. பிள்ளை வளர்க்கிற உழைப்புத்தான் சமுதாயத்தின் அத்திவாரமாம்; அதற்கு மதிப்புக் கொடுக்காத சமுதாயம் உருப்படாதாம். எனக்காகவே பேசுகிறா என்று கண் கலங்கிவிட்டது. கைதட்டல் முடிந்ததும், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஓடிப்போய் மண்டபக் கதையைத் தொடங்கினேன். அவ அன்பாக என் தோளைத் தட்டினா. "உங்களைப் போலை வீட்டிலை சும்மா இருக்கிற ஆக்களுக்குத்தானே தங்கைச்சி இந்தக் கூட்டம் வைச்சது, நீங்கள் ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

தீர்மானம்

கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, அதனால் இரவில் கூட்டம் வைக்க முடியாது. சனி ஞாயிறு மாஸ்டருக்கு. ஆகவே என்னை மண்டபத்தை விட்டு எழுப்புகிற கூட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை வைத்தார்கள். அதற்காக நேர்சரிக்கு லீவும் விட்டார்கள். அங்கேதான் பிழை வந்தது. செயலாளரின் மனைவி நேர்ஸ், பொருளாளரின் மனைவி ரீச்சர், தலைவரின் மகள் பாங்கில் வேலை. மூவரும் பிள்ளைகளை வீட்டு ஆண்களிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நிர்வாகம் சைக்கிள் பாரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

பக்கத்து வளவுதான் எங்கள் வீடு. வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவர் எழும்பி, "ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ" என்றார். என் வகுப்பில் கை தூக்குவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: ஒண்டுக்கு வருகிறது. பெரியவர்களுக்கு முதல் பிள்ளைகள் அத்தனையும் கையைத் தூக்கின. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் கூட்டிக்கொண்டு போக அங்கே ஆளில்லை. தலைவரின் மடியிலிருந்த சேந்தன் கையைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு பொறுக்கவில்லை. வெள்ளை வேட்டி!

செயலாளர் வேலியடிக்கு ஓடி வந்தார். அந்த மனிசனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "ரீச்சர், ஒருக்கா வந்து உதுகளைப் பிடியுங்கோ, பத்து நிமிசத்திலை உங்களை எழுப்புற தீர்மானத்தை நிறைவேத்திப்போட்டு விட்டிடுறம்."

நான் போகவில்லை, ஊரோடு இடம்பெயரும்வரை அந்த மண்டபம் எங்களிடமே இருந்தது, என் வேலையின் பெறுமதி ஊருக்கு விளங்கியதால் அல்ல, அதைப் பற்றிக் கூடிக் கதைக்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் கிடைக்காததால்.